தேய்மானம் என்றொரு சொல்

தமிழிலே 'தேய்' என்னும் வினைச்சொல் சிறிது பொல்லாதது. சந்தனக் கட்டை தேயும்; செருப்பின் அடி தேயும்; கழுதையுங்கூடத் தேய்ந்து கட்டெறும்பாகும். கழுதைகள் வீதி நடுவே நின்று வாகனங்களை மறிக்கின்ற மன்னார்த் தீவிலே வாழும் எமக்கு இப்பழமொழி அடிக்கடி நினைவுக்கு வருவது இயல்பு. இத்தேய்தல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. உழைக்க உழைக்க ஒரு பொருள் குறைந்து போகும். மிஞ்சியதைக் காக்க வேண்டுமாயின் உழைப்பை நிறுத்த வேண்டும் என்பதே அது. திங்கள் ஒன்றுதான் விலக்கு. அது தேய்ந்தபின் வளர்கிறது.

இச்சொல் மூன்றாண்டுகளின் முன் எம் இடது முழங்காலின்மேல் வந்து அமர்ந்தது. வகுப்பிலே நாளொன்றுக்கு ஐந்தாறு பாடவேளை நின்று கற்பிப்பது எம் தொழில். மாடி வகுப்பறைக்கு ஏறும்போது பெரிதாய் ஒன்றும் இராது. இறங்கும்போது முழங்காற் சில்லின் கீழே கத்திமுனை பட்டாற்போல ஒரு குத்து. நெடுநேரம் இருந்து எழும்போது முதல் நான்கைந்து அடிகள் எம்முடையன அல்ல. எண்பது வயதுக் கிழவர் ஒருவருடையன. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தோம். அதனை யன்னல் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்த வைத்தியர் ஒருவர், "தேய்மானம்" என்று ஒரே சொல்லிற் சொல்லி, வில்லைகள் எழுதித் தந்து, அடுத்தவரை அழைத்தார். எல்லாம் இரண்டு நிமிடம். அவர் யாரென்பது ஈண்டு வேண்டா. வெளியிலே காத்திருந்தோர் தொகையைக் கண்டவர்களுக்கு அவர்மேற் கோபமும் வாராது.

எம்மிலும் அச்சொல்லாலே அதிகம் அல்லலுற்றவர் எம் அயல்வீட்டு அக்கா. நாம் குடியிருக்கும் பள்ளிமுனை, மன்னார்ப் பட்டினத்தை அடுத்த மீனவர் ஊர். ஊரவரிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். புனித லூசியாள் கோயிலின் மணியோசையை வைத்துத்தான் எம் வீட்டிலும் பொழுது கணிப்போம். வெளியூரார் இங்கு வருவது பெருக்கமரம் பார்ப்பதற்கு. அராபிய வணிகர் கொணர்ந்து நட்டதாகச் சொல்லப்படும் அம்மரத்தின் அடிச்சுற்று ஏறக்குறைய 19 மீற்றர். உயரமோ 7 மீற்றரைச் சிறிதே தாண்டும். அம்மரத்துக்கும் கடலுக்கும் இடையிலேதான் அக்காவின் வாழ்வெல்லாம் கழிந்தது. வள்ளம் கரைக்கு வந்ததும் வலையிற் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமற் கழற்றுவது பெண்கள் வேலை. மணலிலே குந்தியிருந்து, மணிக்கணக்காக, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அதனைச் செய்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு.

அவரிடமும் யாரோ அச்சொல்லைச் சொல்லிவிட்டார்கள். ஒருநாள் விறாந்தையிலே கால்நீட்டியபடி இருந்தவர் எம்மிடம் சொன்னார்: "எலும்பு தேஞ்சு போச்சுதாம், மாஸ்ரர். நடக்க நடக்க மிச்சமும் தேஞ்சு போம்தானே? அதுதான் ஒரு இடத்திலயே இருக்கிறன்."

தருக்கத்திலே பிழை காண இயலாது. செருப்பென்றால் அப்படித்தான் செய்வோம். விசேட நாளுக்கென்று எடுத்து வைப்போம். முதல் இரண்டு மாதம் நோவு குறைந்தது. அதனால் தாம் செய்தது சரியென்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. மூன்றாம் மாதம் கதிரையிலிருந்து எழ மகளின் கை வேண்டியிருந்தது. ஐந்தாம் மாதம் மலசலகூடம் போகவும் துணை வேண்டியிருந்தது. உடல் பருத்தது, ஏற்கெனவே இருந்த சலரோகம் மிகுந்தது. கடற்கரை நின்றது, கோயில் நின்றது. முழங்காலைக் காக்கப் புறப்பட்டு, அம்முழங்காலால் ஆகவேண்டிய எல்லாவற்றையும் அவர் இழந்துகொண்டிருந்தார். ஆகவே இந்நோயைப் பற்றி வாசித்தும், வைத்தியர் சிலரைக் கேட்டும் நாம் அறிந்தவற்றை இங்கே எழுதுவது, நோயாளிகள் பலரை முடக்குவது நோயைவிட அதன் பெயரே என்ற எண்ணத்தினாலாம்.

நோய்க்குப் பெயர் பல. மேனாட்டு வைத்தியர் 'ஒஸ்ரியோ ஆத்திரைற்றிஸ்' என்பர். சித்த வைத்தியர் 'அழல் கீல்வாயு' என்பர். ஊரார் 'முழங்கால் வாதம்' என்பதோடு நிறுத்திக் கொள்வர். இது நம்மூர்ப் பிணி மாத்திரமன்று. 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் பேர் இதனோடு வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களிற் பெண்கள் நூற்றுக்கு அறுபதின்மர். முழங்கால் நோவுடையோரே மிகப்பலர். இடுப்பு மூட்டும் கைவிரல்களும் அதன்பின் வருவன. பாட்டிமாரின் விரல் நுனிக் கணுக்களிலே பட்டாணி அளவில் முண்டுகள் இருப்பதை வாசகர் கண்டிருப்பர். அவையும் இந்நோயின் பிள்ளைகளே. 18 ஆம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த வில்லியம் எபர்டன் என்னும் வைத்தியரின் பெயரால் அவற்றை இன்றும் அழைக்கின்றனர்.

இனி மூட்டினுள்ளே நடப்பது யாதெனக் காண்போம். இரண்டு எலும்புகள் சந்திக்குமிடத்தில், அவற்றின் முனைகளைக் கசியிழையம் என்னும் வழவழப்பான படை மூடியிருக்கிறது. இதனைச் சூழ்ந்த பையிலே முட்டை வெண்கருப் போன்ற பாய்பொருள் சிறிதளவு உண்டு. கசியிழையத்துக்கு ஒரு விசித்திரம்: வளர்ந்தவர் உடலிலே அதற்கு இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. இரத்தம் செல்லாத இடத்துக்கு உணவு எவ்வாறு செல்லும்? கடற்பஞ்சை நீரிலே அமுக்கி விட்டாற்போல நிகழ்கிறது. அடி வைக்கும்போது அமுங்குகிறது. கழிவோடு நீர் வெளியேறுகிறது. அடி எடுக்கும்போது விரிகிறது. உணவோடு நீர் உட்புகுகிறது. நடையே அதற்கு ஊட்டும் சோறு. செருப்பின் அடிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுதான். செருப்பைப் பூட்டி வைத்தால் நெடுநாள் இருக்கும். மூட்டைப் பூட்டி வைத்தால் அது பட்டினி கிடக்கும்.

மேலும், இந்நோய் கசியிழையம் ஒன்றினதே என்ற பழைய கருத்தும் இன்று மாறிவிட்டது. கீழுள்ள எலும்பு, சுற்றியுள்ள சவ்வு, தசை நார்கள், தசை ஆகிய யாவும் பங்குகொள்ளும் முழு மூட்டின் நோய் இது. உடல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பதில்லை; பழுதைத் திருத்த முயல்கிறது. படத்திலே 'எலும்பு முள்' என்று காட்டப்படுவதும் அம்முயற்சியின் ஒரு விளைவே. முயற்சி சில வேளை வெல்லும், சில வேளை தோற்கும். படத்தில் முழங்கால் மிகப் பழுதாய்த் தோன்றியும் நோவின்றி ஓடித்திரிவோர் உளர். படம் ஓரளவு நன்றாயிருந்தும் நோவால் வருந்துவோரும் உளர். ஆதலால் எக்ஸ்-கதிர்ப் படம் ஒருவர் எதிர்காலத்தின் சாதகக் குறிப்பு அன்று. ஒன்றை மறைத்தல் கூடாது: அழிந்த கசியிழையத்தை மீண்டும் முளைப்பிக்கும் மருந்தென நிலைநாட்டப்பட்டது ஒன்றும் இன்றுவரை இல்லை. 'வளரும் திங்கள்' ஆவது கசியிழையமன்று. அதைத் தாங்கும் தசையே.

யாருக்கு வருகிறது? முதுமை, பெண்மை, பரம்பரை ஆகியன நம் கையில் இல்லை. உடற் பருமன், பழைய காயம், குந்தியும் முழந்தாளிட்டும் செய்யும் தொழில் ஆகியன ஓரளவு நம் கையில் உள்ளன. சீனத் தலைநகராகிய பெய்ஜிங்கிலே முதியோரிடம் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2001 இல் வெளிவந்தது. அந்நகரப் பெண்களுக்கு அமெரிக்க வெள்ளைப் பெண்களைவிட முழங்கால் நோய் அதிகம். ஆனால் இடுப்பு மூட்டு நோயோ அவர்களுக்கு மிக அரிது. இளமையில் நெடுநேரம் குந்தியிருந்தமை முழங்கால் நோய்க்கு ஒரு காரணம் என அதே ஆய்வாளர் பின்னர் எடுத்துக் காட்டினர். நண்டு கழற்றும் அக்காவை அவர்கள் கண்டிருந்தால் வியந்திரார்.

எம் காரணம் வேறு. பத்தொன்பது வயதிலே உதைபந்தாட்டத்தில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவரின் கால் தடக்கி விழுந்து, முழங்கால் முறுகி, ஆறு கிழமை வீங்கிக் கிடந்தோம். முழங்காலினுள்ளே குறுக்காக அமைந்த தசைநார் அல்லது பிறைவடிவான திண்டு கிழிந்தவர்களிற் பாதிப்பேர்வரை, பத்து முதல் இருபது ஆண்டுகளில், இந்நோய்க்கு ஆளாகின்றனர் எனச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டுள்ளனர். நாற்பதிலே எமக்கு வந்ததன் இரகசியம் இதுவே. பள்ளிமுனை இளைஞருக்கு உதைபந்தாட்டம் உயிர். மாணவரை ஆடவேண்டா என்று நாம் சொல்ல மாட்டோம். சொன்னாற் கேட்கவும் மாட்டார்கள். ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் செய்வதற்கென உலக உதைபந்தாட்டச் சங்கம் வகுத்த பயிற்சித் தொகுதி ஒன்று 'பிபா 11+' என்ற பெயரால் உண்டு. ஓட்டம், பாய்ந்து இறங்கும் முறை, ஒற்றைக்காலில் நிற்றல், தொடைப் பயிற்சி ஆகியன அதிலே அடங்கும். ஒழுங்காகச் செய்யும் அணிகளிலே காயங்கள் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முழங்கால் முறுகி வீங்கினால் எண்ணெய் பூசி மறுநாளே மைதானத்துக்கு ஓடாமல் வைத்தியரைக் காண்க.

மாணவருக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லிவிடுகிறோம். விரல் நெட்டி முறித்தால் வாதம் வரும் என்று தாய்மார் அதட்டுவது உலக வழக்கு. டொனால்ட் உங்கர் என்னும் அமெரிக்க வைத்தியர், தம் தாயார் சொன்னது மெய்யோ என்று பார்ப்பதற்காக, இடக்கை விரல்களை மாத்திரம் நாள்தோறும் நெட்டி முறித்து, வலக்கையை விட்டுவிட்டார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் பின், 1998 இல், இரு கைகளிலும் வாதம் இல்லையென மருத்துவ ஏடொன்றுக்கு எழுதினார். 2009 இல் அவருக்கு 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. ஒருவர் கையை மட்டும் வைத்துச் சட்டம் வகுத்தல் ஆகாது என்றாலும், அரை நூற்றாண்டு பொறுமைக்கு அப்பரிசு தகும்.

மருத்துவத்துக்கு வருவோம். பல நாடுகளின் வைத்திய சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டிகள் பலவற்றில் வேறுபடினும் ஒன்றில் உடன்படுகின்றன. நோயை விளங்கிக் கொள்ளல், உடற்பயிற்சி, எடை மிகுந்தோர் எடை குறைத்தல் ஆகியனவே முதல் மருந்து. வில்லைகள் அவற்றின் பின். டென்மார்க்கிலே 2013 இல் இம்முறையை நாடெங்கும் இயன்மருத்துவர் மூலம் நடத்தத் தொடங்கினர். பின்னர் வேறு நாடுகளும் அதனை மேற்கொண்டன. நம் நாட்டிலும் அரசினர் வைத்தியசாலைகளிலே இயன்மருத்துவப் பகுதி உண்டு, காசு வாங்குவதில்லை. அங்கே அனுப்பும்படி வைத்தியரைக் கேட்பவர்தாம் குறைவு.

நாமும் அக்காவும் கற்றது அவ்வாறே. கற்பித்தவர் அக்காவின் பேர்த்தி வயதினரான ஓர் இயன்மருத்துவர். முதற் பயிற்சி மிக எளிது: கதிரையில் நிமிர்ந்திருந்து, ஒரு காலை முன்னே நீட்டி, தொடையின் முன்தசை இறுகும்படி ஐந்து வரை எண்ணி, மெல்ல இறக்குதல், ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. அடுத்தது, கையூன்றாமற் கதிரையிலிருந்து எழுந்து இருத்தல். அக்காவுக்கு முதல்நாள் அது ஒரு முறையும் முடியவில்லை. கதிரைமேல் இரண்டு தலையணை வைத்து உயரமாக்கினோம், முடிந்தது. பத்து நாள் கழித்து ஒரு தலையணையை எடுத்தோம். தொடைத்தசை முழங்காலுக்கு வள்ளத்தின் பாய்க்கயிறு போன்றது. அது தளர்ந்தால் அடிக்கின்ற அலையெல்லாம் மூட்டின்மேலே விழும்.

"நோகுதே, பிள்ளை" என்றார் அக்கா.

"நோகும், அம்மா. நாளைக்குக் காலமைக்கிடையில பழைய நிலைக்கு வந்தாச் சரி. வராட்டி நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுச் செய்யுங்கோ. விடாதேங்கோ" என்றார் அப்பெண். எம் அநுபவத்தில் இந்நோய்க்கு இதனிலும் பயனுள்ள விதி கிடைத்ததில்லை. நோவு எல்லாம் சேதத்தின் குறியன்று. பயிற்சியின்போது எழும் சிறு நோவு பயிற்சி பழகப் பழகத் தணிகிறது. ஆனால் நோவைப் பல்லைக் கடித்து மிதித்துக்கொண்டு போவதும் வீரமாகாது. அளவிலேதான் விஷயம் இருக்கிறது.

நடைக்கும் அளவு வகுத்தோம். முதற் கிழமை படலைவரை. பின்பு ஒழுங்கை முடக்குவரை. இரண்டு மாதத்தில் பெருக்கமரத்தடிக்கு. அங்கே சற்றிருந்து, படமெடுக்கும் உல்லாசப் பயணிகளை வேடிக்கை பார்த்துத் திரும்பிவருவார். பொல்லு எந்தக் கையில் என்பதிலே சிறு விவாதம் நடந்தது. இடக்கால் நோகின்றவர் இடக்கையிலே பொல்லு பிடிப்பதையே ஊரில் எங்கும் காண்கிறோம். அது மாறானது. நோகின்ற காலுக்கு எதிர்க்கையிலே பிடித்து, அக்காலும் பொல்லும் ஒருங்கே முன்செல்ல நடப்பின் மூட்டின் சுமை குறையும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரமே பொல்லின் உயரம். அக்கா பொல்லுக்கு வெட்கப்பட்டார். பேரன் பூவரசங்கம்பு ஒன்றைச் சீவி வர்ணம் பூசிக் கொடுத்தபின் அதுவும் தீர்ந்தது.

எடையைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிப்பர். எம் மனையாள் எம்மை நோக்கி நகைப்பாள். ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. ஓர் இறாத்தல் எடை குறையின், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் சுமை நான்கு இறாத்தல் குறைகிறது என 2005 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கண்டது. நாளொன்றுக்கு மூவாயிரம் அடி நடப்பவர் பெருக்கிப் பார்த்துக் கொள்க. அக்கா விட்டது தேநீர்ச் சீனியை. நாம் விட்டது இரவுச் சோற்றிற் பாதியை. ஓராண்டில் எமக்கு ஆறு கிலோ குறைந்தது. படி இறங்கும்போது குத்துகின்ற கத்தி மழுங்கிப் போயிற்று, முற்றாய்ப் போகவில்லை.

வீட்டிலேயும் சில மாற்றங்கள் வேண்டும். நம் வாழ்வு நிலத்தோடு ஒட்டியது. தேங்காய் துருவுவது திருவலைமேல் இருந்து. மீன் வெட்டுவது குந்தியிருந்து. உண்பது, உறங்குவது யாவும் பாயில். நோயுள்ள முழங்காலுக்கு இவை எல்லாம் ஏற்றமும் இறக்கமும். அக்கா வீட்டிலே மேசையிற் பூட்டும் திருவலை வந்தது. மலசலகூடத்திலே உயர்ந்த இருக்கை வந்தது. கடற்கரையில் வலையைப் பலகைமேற் போட்டு, கதிரையிலிருந்து நண்டு கழற்ற ஏற்பாடாயிற்று. முதல்நாள் சில பெண்கள் சிரித்தனர். இரண்டு கிழமையின் பின் மற்றொரு கதிரையும் அங்கே வந்திருந்ததாக அக்கா சொன்னார்.

கோயில் விடயந்தான் இருவர்க்கும் கடினமாயிருந்தது. அவருக்கு முழந்தாளிடாமற் செபிப்பது செபமாய்த் தோன்றவில்லை. எமக்குச் சப்பாணி கட்டி இராமல் தேவாரம் கேட்பது கேட்டதாய்த் தோன்றவில்லை. சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்திலே பாலாவியில் நீர் மொண்டு சுமந்து சென்று மகாலிங்கத்துக்கு வார்ப்பது அடியார் வழக்கம். ஈரமணலில், கூட்டத்தினூடே, நிறைகுடத்தோடு நடப்பது நல்ல முழங்காலுக்கே சோதனை. பெரிய குடத்துக்குப் பதிலாகச் சிறு செம்பு கொண்டு போகிறோம். இரவு முழுவதும் நிலத்திலிராமல் மணிக்கொருமுறை எழுந்து உலாவுகிறோம். அக்காவுக்கோ பங்குத்தந்தையே, "வாங்கில் இருந்து செபியுங்கள், அதுவும் ஏறும்" என்று சொல்ல வேண்டியிருந்தது. கேட்டார், ஆயினும் மனம் முற்றாய் ஒப்பவில்லை என்பது முகத்திலே தெரிந்தது.

வில்லைகள் வேண்டா என்பதன்று எம் கருத்து. நோவு மிகுந்து நடக்கவே இயலாத நாளில் அவை நடப்பதற்குத் துணையாகும். பனடோலினால் வரும் பயன் சிறிது. டைக்குளோபினக் முதலியன அதனினும் வலியன; ஆனால் வயிற்றிற் புண்ணும் குருதிக் கசிவும் செய்வன; சிறுநீரகத்தையும் இருதயத்தையும் வருத்துவன. அவ்வினத்துப் புதுமருந்தாய்ப் பெரும் புகழ்பெற்ற 'வயொக்ஸ்' இருதய நோயை மிகுவிக்கிறதெனக் கண்டு 2004 இல் உலகெங்கும் மீட்டுக் கொள்ளப்பட்டது. சலரோகமும் இரத்த அழுத்தமும் உள்ள முதியோர் கடையிலே தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது பெருந்தீங்கு. முழங்காலுக்கு அதே மருந்து பூச்சாகவும் கிடைக்கிறது. உள்ளே செல்வது சிறிதாதலால் ஆபத்தும் சிறிது. மூட்டினுள் ஏற்றும் ஸ்டீரோயிட் ஊசி சில கிழமைகளுக்கு ஆறுதல் தரும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாக இரண்டாண்டு ஏற்றிப் பார்த்த ஆய்வொன்றில் கசியிழையம் அதிகம் குறைந்தது. நோவோ உப்புநீர் ஏற்றியவர்களைவிடக் குறையவில்லை. அது 2017 இல் வெளிவந்தது.

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உறவினர் அனுப்பும் 'குளுக்கோசமின்' போத்தல்கள் இன்று பல வீடுகளில் உண்டு. இது பெரும்பாலும் எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று அறிந்தபோது அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நண்டு, இறால் ஓடுகளிலிருந்து! பள்ளிமுனைக் கரையிலே காகம் கொத்துகின்ற பொருள் கடல் கடந்து போத்தலிலே திரும்பி வருகிறது. 2006 இல் அமெரிக்காவில் 1500 பேருக்கு மேற்பட்டோரிடம் செய்த சோதனையிலே, மொத்தத்தில், வெறும் வில்லையைவிட இது சிறந்ததாய்க் காணப்படவில்லை. ஏற்கெனவே வாங்கியவர் முடித்துவிடலாம். கடன்பட்டு வாங்க வேண்டா. ஓட்டு மீனுக்கு ஒவ்வாமை உடையார் வைத்தியரைக் கேளாமல் உண்ணலாகாது.

நொச்சியிலை ஒத்தணம், ஆமணக்கெண்ணெய், பரியாரியாரின் தைலம் ஆகியவற்றை நாம் இகழவில்லை. சூடு இறுகிய தசையைத் தளர்த்துகிறது. தடவுகின்ற மகளின் கை அதனிலும் தளர்த்துகிறது. தடவியபின் எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவே. பெயரும் முகவரியும் இல்லாத பொடிகளுக்கு மாத்திரம் அஞ்சுக. ஒரே நாளில் நோவைப் பறக்கடிக்கும் பொடிகளிலே ஸ்டீரோயிட் கலந்திருந்தமை பல நாடுகளிற் சோதித்தபோது வெளிப்பட்டிருக்கிறது. வேறொன்றும் சொல்ல வேண்டும். மூட்டு சிவந்து சுடுதல், காய்ச்சல், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு, கைகளின் சிறு மூட்டுகள் பல ஒருங்கே வீங்குதல் ஆகியன உண்டாயின் அது வேறு நோயாயிருக்கலாம். அந்நிலையிலே பயிற்சியென்று காத்திருத்தல் தகாது.

சத்திரசிகிச்சையிலும் எல்லாம் ஒருதன்மையன அல்ல. துளையிட்டு மூட்டைக் கழுவிச் சுரண்டும் முறை ஒருகாலத்திற் பெருவழக்காயிருந்தது. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலே 180 நோயாளரை வகுத்து, சிலர்க்கு மெய்யாகவும் சிலர்க்குத் தோலை மாத்திரம் கீறித் தைத்துப் பாவனையாகவும் செய்து பார்த்தனர். இரண்டாண்டு சென்றும் இருசாராருக்கும் வேற்றுமை இல்லை! 2002 இல் இது வெளிவந்தபின் அம்முறையின் மதிப்பு இறங்கிற்று. மூட்டை முழுதும் மாற்றும் முறையோ வேறு. இங்கிலாந்திலே ஜோன் சார்ன்லி 1962 இல் நிலைநாட்டிய இடுப்பு மூட்டு மாற்றத்தின் வழியிலே முழங்கால் மாற்றமும் வளர்ந்தது. இந்தியப் பிரதமராயிருந்த வாஜ்பாயிக்கு 2000 இல் இடது முழங்காலும் 2001 இல் வலது முழங்காலும் மும்பையில் மாற்றப்பட்டன. அமெரிக்காவிலிருந்து வந்த சித்தரஞ்சன் ரணாவத் செய்தார். பிரதமரே செய்துகொண்டாரென்ற செய்தி, அஞ்சியிருந்த முதியோர் பலர்க்கு அச்சிகிச்சையை அறிமுகப்படுத்திற்று. மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இருபத்தைந்து ஆண்டு நிலைக்கின்றன என 2019 இற் கணக்கிட்டுள்ளனர். நாற்பதில் மாற்றுவோர்க்கு மறுமுறை மாற்ற நேரலாம் என்பதாலேயே எம்போன்றோரைக் காத்திருக்கச் சொல்வர். அதற்குமுன் தொடைத்தசையை வலுப்படுத்தியோர் சிகிச்சையின்பின்னும் விரைவில் எழுகின்றனர்.

அக்காவின் வலது முழங்கால் நன்கு தேறியது. இடது முழங்காலோ பயிற்சிக்கும் எடைக்குறைப்புக்கும் ஓரளவே இணங்கிற்று. இரவில் உறக்கத்தைக் கெடுக்கிறது. ஆதலின் அடுத்த மாதம் எலும்பு முறிவு வைத்திய நிபுணரைக் காண்பதென்று தீர்மானித்திருக்கிறார். இரண்டு நிமிடத்திலே எல்லாம் மறந்துபோகும் என்று, கேட்கவேண்டிய கேள்விகளை எம்மிடம் எழுதித் தரச் சொன்னார். மாற்றுவதை ஓராண்டு பிற்போட்டால் தீங்குண்டோ என்பது முதலாவது. சலரோகம் எவ்வளவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவதை அவரே சொல்ல நாம் எழுதினோம்: "மாத்தினாப் பிறகு கோயிலில முழந்தாளிடலாமோ?"